கால் நனைந்தால் உட்காரும்

“…பெரியம்மான்னு போட்டா என்ன தம்பி, பேரு போட்டிருக்குல்ல,” என்று சொல்லிக்கொண்டே அந்த அக்கா கல்யாணப் பத்திரிகையைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார். கண்ணாடி அடுப்படியில் எங்கேயோ கிடந்தது. எழுந்து போய்த் தேடவில்லை. பத்திரிகையின் அடிப்பக்கத்தில், வரவேற்கும் சொந்தக்காரர்கள் வரிசையில், மாமன்மார் அத்தைமாரெல்லாம் முடிந்து நாலாவது வரியில் அவர் பேர் இருந்தது. பக்கத்தில் சின்ன எழுத்தில், பெரியம்மா. கல்யாணம் அவர் பெற்ற மகளுக்கு.

மேலே, பெண்ணைப் பெற்றவர்கள் பேர் வரவேண்டிய இடத்தில் அவருடைய தங்கச்சியும் தங்கச்சி வீட்டுக்காரரும் இருந்தார்கள்.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. பத்திரிகையைத் தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்துவிட்டு அந்த ரெண்டு பேரும் பைக்கில் திரும்பிப் போய் அரைமணி நேரம்கூட ஆகியிருக்காது. வீட்டுச் சமையல் மிஷினின் பிளக் கருகிவிட்டது என்று கூப்பிட்டதற்காக ஸ்க்ரூ டிரைவரோடு போன நான் இதில் மாட்டிக்கொண்டேன். அப்புறம் அவர் என்ன செய்தார் என்பது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. ஆனால் அதை மட்டும் சொன்னால், இதில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். அந்த அக்காவைத் தெரிந்தவர்களுக்குத்தான் அது எவ்வளவு பெரிய காரியம் என்று தெரியும்.

கந்தர்வக்கோட்டை கடைத்தெருவில் எனக்கு மிக்ஸி, கிரைண்டர் ரிப்பேர் கடை. எதிர்த்தாற்போல் அச்சாபீஸ், பக்கத்தில் டீக்கடை. எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் அந்த அக்கா ஓர் அட்டைப்பெட்டியை இடுப்பில் பிள்ளையை வைத்திருப்பதுபோல வைத்துக்கொண்டு என் கடைக்கு வந்தார். “தம்பி, இதுக்குக் காலு நம்மூரு ஓட்டையில நொழைய மாட்டேங்குது, என்னன்னு பாருங்க,” என்றார். குவைத்து பிளக். பட்டைப் பட்டையாக மூன்று கால். அதை வெட்டிவிட்டு நம்மூர் பிளக்கைப் போட்டேன். போட்டுவிட்டு மிஷினைக் கழற்றிப் பார்க்கலாமா என்று கேட்டேன். புது மாதிரி சாமானைப் பார்த்தால் எனக்குக் கை சும்மா இருக்காது. கழற்றியெல்லாம் பார்க்க வேண்டாம், வீட்டுக்கு வாருங்கள், சமைத்தே காட்டுகிறேன் என்றார். எங்கள் தெருவில்தான் அவர் குடியிருந்தது.

செம்பு மாதிரி ஒரு கனத்த ஸ்டீல் பாத்திரம். அடியில் நாலு பிளேடு. அதற்கும் அடியில் சூடேற்றுகிற கம்பி. அரைக்கும், அரைத்ததை அங்கேயே வேகவும் வைக்கும். மூடியின் நடுவில் டம்ளர் வாயகலத்துக்கு ஒரு ஓட்டை. அக்கா வெங்காயம், பூண்டு, தக்காளியைப் போட்டு ஒரு சுற்றுச் சுற்றினார். எண்ணெய் விட்டு வதங்க விட்டார். மிளகாய்த்தூள், உப்பு, தண்ணீர். கொதி வந்ததும் ஒரு பொத்தானை மாற்றி அமுக்கிவிட்டு, பாக்கெட்டிலிருந்து விளக்குமாற்றுக் குச்சி நீளத்துக்கு ஒரு கட்டு எடுத்தார். எங்கள் தெருவில் பிற்பாடு அதற்குக் குச்சிச் சேமியா என்று பேர் வைத்தார்கள். அவர் சொல்வது மக்ரோனா. அந்தக் கட்டை மூடி ஓட்டைக்குள் செங்குத்தாக நிறுத்தினார். முக்கால்வாசி வெளியே நீட்டிக்கொண்டு நின்றது.

நான் கரண்டிக் காம்பால் ஓர் அமுக்கு அமுக்கப் போனேன்.

“கையை வைக்காதீங்க தம்பி. கால் நனைஞ்சா அதுவா உக்காரும்.”

உட்கார்ந்தது. குளத்தில் இறங்கத் தயங்குகிற பிள்ளைகள் மாதிரி கொஞ்ச நேரம் விறைப்பாக நின்ற குச்சிகள், அடியில் நனைந்து இளகி, ஒன்று சாய்ந்து, அதைப் பார்த்து இன்னொன்று சாய்ந்து, யாரும் தொடாமலே உள்ளே போய்விட்டன. எனக்கு அதைவிட ஆச்சரியம் உள்ளே சுற்றுகிற பிளேடு இத்தனை நீள நூலை வெட்டாமல் இருந்தது. அந்தப் பொத்தானை மாற்றினால் மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றும், கூர் பின்னால் போய்விடும், மொட்டைப் பக்கம்தான் நூலைத் தள்ளிக் கொடுக்கும். அக்கா அதை என்னைவிடச் சுருக்கமாகச் சொன்னார். “கத்திதான். முதுகைக் காட்டிச் சுத்துது, அம்புட்டுத்தான்.”

தட்டில் விழுந்தபோது ஒவ்வொரு நூலும் முழு நீளம். “கலாஸ்,” என்றார், முடிந்தது என்பதற்கு. பதின்மூன்று வருஷம் குவைத்தில் ஒரு வீட்டில் சமையலும் பிள்ளை வளர்ப்புமாக இருந்தவருக்கு அந்த ஊர்ப் பேச்சில், மக்ரோனாவை விட்டால், மிஞ்சியது அந்த ஒரு வார்த்தைதான்.

திரும்பி வரும்போது முப்பது கிலோ சாமானில் எட்டுக் கிலோ இந்த மிஷின். தங்கச்சி வீட்டில் பெட்டியைப் பிரித்தபோது கம்பளியும் சென்ட்டும் எதிர்பார்த்து உட்கார்ந்திருந்த சொந்தக்காரர்கள் முகத்தை அவரே எனக்கு நடித்துக் காட்டியிருக்கிறார். ஒரு பெரியவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “மிக்சியா? இதத்தான் கெவுருமெண்டே வீட்டுக்கு ஒண்ணு சும்மா குடுத்துச்சே ஆத்தா, இதுக்கா பதிமூணு வருசம்?” என்றாராம். அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். சிரிப்பு நின்ற பிறகு, அதைக் கொண்டுவந்தது மகளுக்கு என்று சொன்னார். தான் சமைத்ததிலேயே ருசியானது அந்த மக்ரோனாதான் என்றும், பெற்ற பிள்ளை ஒரு தடவைகூட அதைத் தின்றதில்லை என்றும் சொன்னார். அந்தப் பிள்ளை ஒரு தடவை எதிரில் உட்கார்ந்து தின்றால் போதும், வேறொன்றும் வேண்டாம்.

அவர் எதற்கும் முண்டுகிற ஆளில்லை. தஞ்சாவூருக்குப் போய்த்தான் மக்ரோனா வாங்குவார். பஸ் வந்து நின்றால் எல்லோரும் ஏறட்டும் என்று ஒதுங்கி நிற்பார். ஒரு தடவை நானும் கூட நின்றேன். கூட்டம் ஏறி முடிந்து படியில் தொங்கவும் ஆரம்பித்துவிட்டது. கண்டக்டர், “யம்மா, ஒங்களுக்குத் தனி வண்டி விடச் சொல்லவா?” என்று கேட்டுக்கொண்டே விசில் கொடுத்துவிட்டார். “ஏறுனவுகள்லாம் எறங்கித்தானே தம்பி ஆகணும்,” என்றார் அக்கா, போகிற பஸ்ஸைப் பார்த்து. அடுத்த பஸ்ஸுக்கு முக்கால் மணி நேரம் நின்றோம். எனக்குக் கோபம். அவருக்கு ஒன்றுமில்லை.

இந்தக் குணத்தை முதலில் எல்லோரும் கொண்டாடத்தான் செய்தோம். எங்கள் வீட்டில் சாப்பிட அடம்பிடிக்கிற பிள்ளையை நான் அதட்டினால், என் வீட்டுக்காரி அந்த அக்கா குரலிலேயே, கால் நனைந்தால் அதுவா உட்காரும் என்று சொல்லிக் காட்டுவாள். தெருவே அதைச் சொல்லிக்கொண்டு திரிந்தது. அந்தப் பேச்சுக்குப் பின்னால் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியவந்தது மெதுவாகத்தான்.

புருஷன் செத்துப்போனபோது மகளுக்கு நாலு வயசு. மகளைத் தங்கச்சி வீட்டில் விட்டுவிட்டு அக்கா குவைத்துக்குப் போனார். தங்கச்சி ஊர் கந்தர்வக்கோட்டையிலிருந்து ஆறு கிலோமீட்டர். முந்திரிக்கொல்லை. வாசலில் உட்கார்ந்து வறுத்த கொட்டையைத் தட்டிப் பருப்பு எடுப்பதுதான் வீட்டு வேலை. வெள்ளிக்கிழமை தோறும் அக்கா போன் போடுவார். பிள்ளை போனுக்கு வராது. தங்கச்சி கையைப் பிடித்து இழுத்து வரப் பார்ப்பாள். “இழுக்காத, அதுவா வரட்டும். நீ போனக் கீழ வச்சிட்டு வேலையப் பாரு,” என்பாராம் அக்கா. தங்கச்சி போனைத் தரையில் வைத்துவிட்டுக் கொட்டை தட்டுவாள். கார்டில் காசு தீருகிறவரை இந்தம்மா அங்கே உட்கார்ந்து அந்தத் தட்டுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பாராம். “ரெண்டு சத்தம் கேக்கும் தம்பி. தங்கச்சி தட்டுறது டொக்கு டொக்குன்னு. சின்னக் கை தட்டுறது வேற தெனுசா, மெல்லிசா இருக்கும். அதத்தான் கேட்டுக்கிட்டு இருப்பேன்.”

பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது அப்பா அம்மா இடத்தில் யார் பேரைப் போடுவது என்று தங்கச்சி வீட்டுக்காரர் போனில் கேட்டிருக்கிறார். கையெழுத்துப் போட ஆள் வேண்டும், மீட்டிங் என்றால் போய் நிற்க ஆள் வேண்டும். ஒங்க ரெண்டு பேர் பேரையே போடுங்க, பிள்ளை படிச்சாப் போதும் என்றுவிட்டார் இவர். அந்த ஒரு கையெழுத்து பத்தாம் வகுப்பு சர்டிபிகேட் வரை போனது, ஆதார் வரை போனது. சித்தியை அந்தப் பிள்ளை அம்மா என்றது. பெற்றவளுக்கு, ஊர்ப் பிள்ளைகள் வைத்த பேர்தான் நின்றது. குவைத்தம்மா.

அக்கா திரும்பி வந்தபோது மகளுக்குப் பதினேழு. நேராகப் போய்க் கூட்டிக்கொண்டு வந்துவிடலாமா, இல்லை பிளஸ் டூ முடியட்டுமா என்று என்னிடம் யோசனை கேட்டார். கடையில் நாலு பேர் இருந்தார்கள். நான் கெட்டிக்காரத்தனமாக அவர் பேச்சையே எடுத்து அவருக்குத் திருப்பிக் கொடுத்தேன். “நீங்களே சொல்லுவீங்களேக்கா, கை வைக்கக் கூடாதுன்னு.” நாலு பேரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்துக்கொண்டு, அதுவும் சரிதான் என்று போய்விட்டார். அன்றைக்கு என் நாக்கு கொஞ்சம் பேசாமல் இருந்திருக்கலாம்.

பிளஸ் டூ முடிந்தது. தஞ்சாவூர் காலேஜுக்கு அந்த ஊரிலிருந்தே போய்வருவது பழகிவிட்டது என்றார்கள். பஸ் எங்கள் தெரு முனையில்தான் நிற்கும். காலையில் எட்டேகாலுக்கு அக்கா குடத்தோடு குழாயடியில் நிற்பார். ஜன்னலோரத்தில் மகள் இருந்தால் பார்ப்பார். கையை ஆட்ட மாட்டார். குடம் நிறைந்து வழிந்துகொண்டிருக்கும்.

ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பிள்ளை தானாக வந்தது. காலேஜில் சேர்ந்த வருஷம். சித்தியோடு வந்தது. மிஷினுக்கு ஸ்டெபிலைசர் மாட்டிக்கொண்டிருந்ததால் நானும் அங்கே இருந்தேன். அக்கா வெங்காயத்தைச் சுற்றிவிட்டுக் கொதி வரக் காத்திருந்தார். முகம் அப்படி ஒரு வெளிச்சமாக இருந்து நான் பார்த்ததில்லை. பிள்ளை அடுப்படிக்குள் வந்து கொஞ்ச நேரம் நின்றது. அப்புறம், நான் போடவா என்று கேட்டுப் பாக்கெட்டை எடுத்தது.

நம்மூரில் சேமியாப் பாக்கெட்டைப் பிரிக்கிற கை, நினைக்காமலே ஒடிக்கும். ஒடித்து வறுத்தால்தான் நமக்குப் பாயசமும் உப்புமாவும். அந்தப் பிள்ளை கட்டை எடுத்தது, ரெண்டு கையாலும் பிடித்துப் படக்கென்று இரண்டாக்கியது. மறுபடி நாலாக்கப் போனது.

அக்கா அதட்டவில்லை. ரொம்ப மெதுவாகத்தான் சொன்னார். “ஒடிக்காத ஆத்தா, பிள்ளைக்கு ஒடிச்சாப் பிடிக்காது.”

பதின்மூன்று வருஷம் தினமும் சொல்லிப் பழகிய வாய். தான் சொன்னது குவைத்து வீட்டுப் பிள்ளையை என்று சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே தெரிந்தது. முகம் வெளுத்துவிட்டது. மகள் கையிலிருந்ததை மேடையில் அடுக்கி வைத்தது. சிந்தின துண்டுகளைக்கூடப் பொறுக்கி வைத்தது. குழாயில் கையைக் கழுவிக்கொண்டே சொன்னது: “நாங்க ஒடிச்சுத்தான் திங்கிறது, குவைத்தம்மா.”

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. விருந்தாளி வீட்டில் பேசுகிற குரலில் சொன்னது. சித்தி எவ்வளவோ சொல்லியும் உட்காரவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று செருப்பைப் போட்டுக்கொண்டது. அக்கா பின்னாலேயே ஓடியிருக்கலாம். கையைப் பிடித்திருக்கலாம், காலைக்கூடப் பிடித்திருக்கலாம், மகள்தானே. நிலைப்படியில் நின்றார். “இன்னைக்கு வேணாம் தம்பி. ஆறட்டும். அதுவா வரும்.”

அதற்குப் பிறகு ஞாயிறு தவறியதில்லை. பதினொரு மணிக்கு மிஷின் சுற்றும், ரெண்டு தட்டு வைப்பார், ரெண்டு மணிக்கு இரண்டாவது தட்டு எங்கள் வீட்டுக்கு வரும். என் பிள்ளைகள் அடித்துக்கொண்டு தின்றார்கள். நான் அந்தத் தட்டைத் தொட்டதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பாதியில் கரண்ட் போய்விட்டது. குச்சிகள் பாதி உள்ளே, பாதி வெளியே. டிரான்ஸ்பார்மர் போய்விட்டது, சாயங்காலம் ஆகும் என்று சொல்லப் போனேன். எடுத்து ஒடித்துப் போட்டு கேஸ் அடுப்பில் வைத்து இறக்கிவிடலாம் என்றேன். அக்கா கேட்கவில்லை. ஸ்டூலைப் போட்டு மிஷினுக்கு எதிரில் உட்கார்ந்துவிட்டார். நாலு மணிக்கு மறுபடி போய்ப் பார்த்தேன், அதே ஸ்டூல், அதே இருப்பு. மூடியைத் திறந்தோம். அடியில் நின்றது கூழாகிவிட்டது. மேலே நின்றது குச்சியாகவே இருந்தது. அக்கா அதைத் தட்டில் வழித்துப் போட்டு, வேகாத முனையைக் கடக்குக் கடக்கென்று கடித்துத் தின்றார். எனக்கு அன்றைக்குத்தான் பயம் வந்தது. காத்திருந்தால் எல்லாம் வெந்துவிடாது என்பது தட்டில் இருக்கிறது, அதை இந்த மனுஷி பார்க்க மாட்டேன் என்கிறாரே என்று நினைத்தேன். ஒரு தடவை சொன்னதே போதும் என்று இருந்துவிட்டேன்.

இப்போது அவர் இங்கே இல்லை. கல்யாணம் முடிந்த ரெண்டாம் மாதம் திரும்பக் குவைத்துக்கே போய்விட்டார். வேறு வீடு, பார்த்துக்கொள்ளக் கைப்பிள்ளை ஒன்று. நம்பர் இருக்கிறது. நான் போட்டால் எடுப்பார். எல்லாரையும் விசாரிப்பார். மகளைப் பற்றி மட்டும் கேட்பதை நிறுத்திவிட்டார். மிஷினை யாரிடமும் கொடுக்காமல் பரணில் ஏற்றிவிட்டுப் போனார். அந்த வீட்டில் இப்போது வேறு குடித்தனம்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

பத்திரிகையைப் படித்துவிட்டு அக்கா அதை மிஷினுக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தார். நான் பிளக்கை மாற்றி முடித்தேன். மணி பதினொன்று. ஞாயிறு ஆயிற்றே, வெங்காயத்தை உரித்தார். சுற்றினார், வதக்கினார், தண்ணீர் விட்டார். வாய் ஓயாமல் தங்கச்சிக்காகப் பரிந்து பேசிக்கொண்டே இருந்தார். சர்டிபிகேட்டில் இருக்கிறபடி போட்டுவிட்டார்கள், மாப்பிள்ளை வீட்டில் அப்படித்தான் சொல்லிவைத்திருக்கிறார்கள், கடைசி நேரத்தில் மாற்றினால் பிள்ளைக்குத்தான் கேவலம் என்றார். தங்கச்சியும் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் கொடுத்தாள் என்றார். பிள்ளையைக் கேட்டிருந்தால் இப்படிப் போடச் சம்மதித்திருக்காது, அதைக் கேட்காமல்தான் அடித்திருப்பார்கள் என்றார். அதை மட்டும் ரெண்டு தடவை சொன்னார்.

தண்ணீர் கொதித்தது. பொத்தானை மாற்றினார். கட்டை எடுத்து ஓட்டையில் நிறுத்தினார். வழக்கம்போல ரெண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். முனைகள் மெல்ல நடுங்கிக்கொண்டிருந்தன.

“தம்பி, ஒங்க கடைக்கு எதிர்த்தாப்லதான அச்சாபீசு?”

ஆமாம் என்றேன்.

“புரூப்பு பாக்க யாரு வந்தா?”

நான் பார்த்திருந்தேன். பத்து நாளைக்கு முன்னால், மத்தியானம். அந்தப் பிள்ளை தனியாகத்தான் வந்தது. அச்சாபீஸ் பெஞ்சில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தது. நடுவில் என் கடைக்கு வந்து பேனா கேட்டது. கொடுத்தேன். எதையோ அடித்து, எதையோ எழுதியது. போகும்போது பேனாவைத் திருப்பிக் கொடுத்து, “குவைத்தம்மா நல்லாருக்காங்களாண்ணே?” என்று கேட்டது. அன்றைக்கு அதைக் கேட்டு நான் சந்தோஷப்பட்டேன். என்ன எழுதினது என்பது அது போன பிறகு அன்றைக்கே அச்சாபீஸ்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. தங்கச்சி வீட்டில் எழுதிக் கொடுத்ததில் அக்கா பேரே இல்லை. அந்தப் பிள்ளைதான் கடைசியில் ஒரு வரி சேர்க்கச் சொல்லி, பேரை எழுதி, பக்கத்தில் என்ன போடுவது என்று கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, பெரியம்மா என்று எழுதியிருக்கிறது.

பொய் சொல்லியிருக்கலாம். தங்கச்சி வீட்டுக்காரர்தான் வந்தார் என்று சொல்லியிருந்தால் அக்கா நம்பியிருப்பார். நம்பிக்கொண்டு இன்னும் பத்து வருஷம் ஞாயிற்றுக்கிழமைக்கு ரெண்டு தட்டு வைத்திருப்பார். அந்தக் கூழும் குச்சியும் கண்ணில் வந்து நின்றன.

“அதுதான்க்கா வந்துச்சு,” என்றேன். “ஒங்க பேரு மொதல்ல இல்ல. அதுவா சேத்துச்சு.”

“பெரியம்மாங்கிறதயும் அதுவா எழுதுச்சா?”

“ஆமாங்க்கா.”

அக்கா தலையை ஆட்டினார். புரிந்துவிட்டது என்பதுபோல இரண்டு மூன்று தடவை ஆட்டினார். குச்சிகள் இன்னும் உட்காரவில்லை. பாதிக்கு மேல் வெளியே நின்றன. ஒன்று மட்டும் லேசாகச் சாய ஆரம்பித்திருந்தது. அக்கா வலது உள்ளங்கையை விரித்து அந்த முனைகள் மேல் வைத்தார். நான் என்னவோ சொல்ல வாயெடுத்தேன். கையின் மேல் இன்னொரு கையையும் வைத்து, குதிகால் தரையிலிருந்து எழும்ப, உடம்பு பாரம் முழுவதையும் போட்டு அமுக்கினார்.